கைக்குப் பழகிய குழந்தை

அக்லயா வீட்டில் ரேடியோ ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. சமையலறையில் ஒன்று, படுக்கும் அறையில் ஒன்று. வானிலை, கால்பந்து, மாதாகோயில் பூசை, எது வந்தாலும் சரி, யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அவளுக்குக் காது மந்தம் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதெல்லாம் சும்மா. வேலிக்கு அந்தப்புறம் பக்கத்து வீட்டுக் கட்டிங்கா முணுமுணுத்தாலே அவளுக்குக் கேட்கும். சத்தமில்லாத அறையில் இருக்க அவளுக்குப் பயம், அவ்வளவுதான்.

அந்தப் பயம் பிடித்த இடம் ஊர்க்கோடியில், ஸிரெத் ஆற்றுக்குப் போகிற வழியில் இருந்த மூன்று மாடிக் கட்டடம். பெற்றவர்கள் விட்டுப்போன கைக்குழந்தைகளை அரசாங்கம் அங்கே வைத்து வளர்த்தது. அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் 'தொட்டில்'. பெயர் வைப்பதில் இந்த ருமேனிய அரசாங்கத்துக்கு என்றைக்குமே குறைச்சல் இல்லை. ஆட்டிவிட மட்டும் ஆள் கிடையாது. குழந்தைகள் கம்பிக் கட்டிலில் உட்கார்ந்து தங்களைத் தாங்களே முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டன.

கல்யாணமான புதிதில் அக்லயா அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு கூடம் நிறையக் கட்டில்கள், அத்தனைக்கும் ஒருத்தி. தலைமைத் தாதி முதல் நாளே சொன்னது ஒன்றுதான்: கைக்குப் பழக்காதே. எங்கள் பக்கத்தில் இது புதுப் பேச்சில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பார்க்க வருகிற எந்தப் பெண்ணும் இதைச் சொல்லாமல் போகமாட்டாள். தூக்கித் தூக்கிப் பழக்கினால் பிள்ளை இடுப்பைவிட்டு இறங்காது, வீட்டு வேலை கெட்டுப்போகும் என்பார்கள். வீடுகளில் இதை எல்லோரும் சொல்வார்கள், ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். அதை அப்படியே கேட்டு நடந்த ஒரே இடம் 'தொட்டில்'தான்.

பால் புட்டியைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டும். புதிதாக வந்த குழந்தை கொஞ்ச நாள் கத்தும். பிறகு முனகும். பிறகு அதுவும் நின்றுபோகும். யாராவது வருவார்கள் என்று நினைக்கிற வரைக்கும்தானே குழந்தை அழும்? மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறவர்கள் கூடத்து வாசலில் நின்று, இத்தனை பிள்ளைகள் இருந்தும் ஒரு சத்தமில்லையே என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். தலைமைத் தாதிக்குப் பெருமை பிடிபடாது.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பையன் இருந்தான். அக்லயா அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் இரண்டு கையையும் மேலே நீட்டுவான். அவள் கையைக் கீழே இறக்கிவிட்டு, போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போவாள். ஒருநாள் அவன் கையை நீட்டவில்லை. பார்க்கக்கூட இல்லை. அப்பாடா, சமர்த்தாகிவிட்டான் என்று அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் பிற்பாடு அவளைப் பேயாய்ப் பிடித்து ஆட்டியது. பனி பெய்து தெரு அடங்கினால் போதும், அந்தக் கூடம் அவள் வீட்டுக்குள் வந்துவிடும். மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வரிசை வரிசையாகக் கேட்கும். அந்தப் பையனின் பெயரை எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய கொடுமை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் எங்கள் நாட்டைச் சேர்க்கப் பேச்சு நடந்த காலத்தில் நிலைமை மாறியது. பால், பன்றி, சாலை என்று எல்லாவற்றுக்கும் சட்டம் கேட்டவர்கள் பிள்ளைகளுக்கும் சட்டம் கேட்டார்கள். கேட்டது நல்லதுக்குத்தான், நாங்களாகக் கேட்கவில்லை என்பதுதான் வெட்கம். கைக்குழந்தைகளை இப்படிப்பட்ட இடங்களில் வைக்கக் கூடாது, வீட்டில்தான் வளர்க்க வேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது. 'தொட்டில்' மூடப்பட்டது. வேலை போனவர்களில் பயிற்சி எடுத்துக்கொண்டு, சம்பளத்துக்கு வீட்டிலேயே பிள்ளை வளர்க்க ஒத்துக்கொண்டவர்கள் சிலர். அக்லயா அவர்களில் ஒருத்தி. அப்போது அவள் புருஷன் இறந்து, மகன் ஸ்பெயினுக்கு வேலைக்குப் போயிருந்தான்.

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒட்டிலியா என்ற பெண் ஸ்மரந்தாவைக் கொண்டுவந்து விட்டாள். வேறு ஊரில் இதேபோன்ற இடத்தில் வளர்ந்த, இரண்டு வயது முடிந்த பெண் குழந்தை. மொட்டைத் தலை, பெரிய கண். வந்ததும் கட்டிங்காவைப் பார்த்து "அம்மா" என்றது. ஒட்டிலியாவையும் "அம்மா" என்றது. ரொட்டிக் கடைக்காரியையும் அப்படியே. யார் கை நீட்டினாலும் பிடித்துக்கொண்டு நடந்தது. ஒருநாள் சந்தையில் அக்லயா முட்டைக்கோஸ் பொறுக்கிக்கொண்டிருந்தபோது முன்பின் தெரியாத ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு போயே போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாசல்படியில் அது விழுந்து உதடு கிழிந்ததும் அந்த வாரத்தில்தான். சட்டையெல்லாம் ரத்தம். எழுந்தது, உதட்டை நக்கிக்கொண்டது, நடந்தது. அழவில்லை. வேலியோரம் நின்ற கட்டிங்கா அசந்துபோனாள்.

"எவ்ளோ சமர்த்து பாருங்கக்கா. என் பேரனா இருந்தா தெருவையே கூட்டியிருப்பான்."

அக்லயா ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். அந்தக் கூடத்திலிருந்து ஒரு துண்டு தன் வீட்டுக்குள் நடந்து வந்திருக்கிறது என்று நினைத்தாள். இந்தப் பிள்ளை ஒருமுறையாவது வலிக்கிறது என்று அழ வேண்டும், அழுதுகொண்டு ஒருத்தியைத் தேடி ஓட வேண்டும், அதற்குள் நம் உயிர் போகக் கூடாது. இதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

அன்றிலிருந்து பிள்ளையை இறக்கிவிடவில்லை. ஒரு இடுப்பில் அது, மறு கையில் கரண்டி. சோளமாவுக் களியைக் கிண்டும்போதும் சரி, துணி உலர்த்தும்போதும் சரி, இடுப்பு காலியாக இல்லை. முதலில் அது மரக்கட்டையாய் விறைத்துக்கொண்டு கிடந்தது. தெருவில் பார்த்தவர்கள் எல்லோரும் வழக்கமானதைச் சொன்னார்கள். கட்டிங்கா தினமும் சொன்னாள்.

"கைக்குப் பழக்குறீங்கக்கா. நாளைக்கு நீங்கதான் கஷ்டப்படுவீங்க."

"பழகட்டும்டி. கஷ்டப்படத்தான் சம்பளம் வாங்குறேன்."

குளிர்காலம் போய், ஈஸ்டருக்கு முட்டைக்குச் சாயம் போடுகிற சமயம் வந்தது. முற்றத்தில் கட்டிங்காவின் வாத்து ஒன்று ஸ்மரந்தாவின் பாவாடையைக் கவ்வி இழுத்தது. பிள்ளை வாயைத் திறந்தது. ஒரு கணம் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது பாருங்கள், அப்படி ஒரு அலறல். அலறிக்கொண்டே ஓடியது, பக்கத்திலேயே நின்ற கட்டிங்காவைத் தாண்டி, "லாயா, லாயா" என்று மழலையில் பெயரைக் கத்தி, சாயக் கையோடு நின்ற அக்லயாவின் காலைக் கட்டிக்கொண்டது. அக்லயா அதைத் தூக்கிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். இரண்டு பேர் மேலும் சிவப்புச் சாயம். என்னவோ விபரீதம் நடந்துவிட்டது என்று தெரு முழுக்க ஓடி வந்தது.

அதற்குப் பிறகு ஸ்மரந்தா எதற்கெடுத்தாலும் அழுதாள். சூப் சுட்டால் அழுதாள், செருப்பு மாறினால் அழுதாள், கட்டிங்கா தூக்க வந்தால் அக்லயாவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தாள். எவ்வளவு நல்ல பிள்ளையைக் கெடுத்துவிட்டாய் என்று கட்டிங்கா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்லயாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கண்ணேறு படாமலிருக்கப் பிள்ளையின் மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டினாள்.

அடுத்த கோடையில் ஒட்டிலியா வந்து, பெற்ற தாய் கிடைத்துவிட்டாள் என்றாள். பெயர் பெட்ரோனெலா. பிள்ளை பிறந்தபோது பள்ளிக்கூடம் முடிக்காத வயது. விட்டுவிட்டுப் போ, உன்னைவிட அரசாங்கம் நன்றாக வளர்க்கும் என்று ஆளாளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இப்போது தையல் ஆலையில் வேலை, கல்யாணம் ஆகிவிட்டது, நகரத்தில் அடுக்குமாடியில் வீடு. பிள்ளையைக் கேட்கிறாள். புதுச் சட்டம் என்ன சொல்கிறது என்பது அக்லயாவுக்குப் பயிற்சியிலேயே மனப்பாடம்: சொந்தக் குடும்பத்தில் வளர்வது பிள்ளையின் உரிமை. 'தொட்டிலை' மூடிய அதே சட்டம்தான். அதை எப்படி நோவது? ஆனாலும் நொந்தாள். சமையலறையில் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

பெட்ரோனெலா வாரம் ஒருமுறை வந்து பார்த்தாள். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று அக்லயா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். குடிப்பாளா, கை நீட்டுவாளா, பொய் சொல்வாளா? ஒன்றும் அகப்படவில்லை. பொம்மை கொண்டுவருவாள், மேசையோரம் உட்கார்ந்திருப்பாள், பிள்ளையைத் தொடமாட்டாள். ஏன் தொடவில்லை என்று ஒருநாள் அக்லயா குத்தலாகவே கேட்டாள்.

"பெத்தப்போ கையில வாங்கப் போனேன். நர்ஸம்மா குடுக்கல. கையில வாங்குனா அப்புறம் விட மனசு வராதுன்னாங்க. அதிலேர்ந்து கை வர மாட்டேங்குதுக்கா."

இவளையும் கைக்குப் பழக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று அக்லயாவுக்குப் புரிந்தது. அதன் பிறகு குறை தேடுவதை விட்டுவிட்டாள்.

இலையுதிர் காலத்தில் ஒப்படைக்கிற நாள் வந்தது. நகரத்தில் நாலாவது மாடி. பெட்ரோனெலாவின் புருஷன் சங்கடத்தில் சிகரெட் பிடிக்கக் கீழே போய்விட்டான். அலுவலக வழக்கப்படி செய்யலாம் என்று ஒட்டிலியா வழியிலேயே சொல்லியிருந்தாள். பிள்ளைக்குக் கேக் கொடுத்துத் தொலைக்காட்சியில் பொம்மைப் படம் போட்டுவிட வேண்டும், அது பார்க்காத நேரத்தில் வளர்த்தவள் நழுவிவிட வேண்டும். அழுகை இல்லாமல் முடிந்துவிடும். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். அக்லயாவும் சரி என்றுதான் வந்திருந்தாள்.

பிள்ளை படத்தில் மூழ்கியிருந்தது. அக்லயா செருப்பை மாட்டிக்கொண்டு கதவின் பிடியில் கை வைத்தாள். 'தொட்டிலுக்கு' எப்போதாவது பார்க்க வரும் தாய்மார்களையும் இப்படித்தான் பின்வாசல் வழியாக அனுப்புவார்கள். அந்தப் பிள்ளைகள் கொஞ்ச நாள் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு பார்க்காது.

அவள் செருப்பைக் கழற்றினாள். ஒட்டிலியா கையை ஆட்டித் தடுத்ததைக் கண்டுகொள்ளாமல் உள்ளே போய், படத்தை அணைத்துவிட்டு, பிள்ளையின் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஸ்மரந்தா, என்னைப் பாரு. லாயா வீட்டுக்குப் போறேன். நீ இங்க உங்கம்மாகிட்ட இருக்கப்போற. உன்மேல கோவம்லாம் இல்ல. எனக்குப் போக மனசே இல்ல. ஆனா போறேன்."

பிள்ளைக்கு எல்லாம் புரிந்தது. வாத்து கவ்விய அன்றைக்கு வந்ததைப்போலப் பத்து மடங்கு அலறல் வந்தது. அக்லயாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. தரையில் விழுந்து புரண்டது. ஒட்டிலியாவின் முகத்தில் ஈயாடவில்லை. பெட்ரோனெலா சுவரோரம் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள்.

"தூக்கும்மா," என்றாள் அக்லயா.

"எனக்குத் தூக்கத் தெரியலக்கா. உதைக்கிறா."

"உதைப்பா. கடிப்பா. நீ தூக்கு. அழுது முடிக்கிற வரைக்கும் இறக்கிவிடாத. எவ சொன்னாலும் இறக்கிவிடாத."

பெட்ரோனெலா குனிந்தாள். பிடி சரியில்லை, பிள்ளை பாதி நழுவித் தொங்கியது. ஆனாலும் கையில்தான் இருந்தது. அக்லயா கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள். மாடிக்கு மாடி அந்த அலறல் கூடவே இறங்கி வந்தது. கீழே சிகரெட்டோடு நின்றவனிடம், சிகரெட்டைப் போட்டுவிட்டு மேலே போ, அவளுக்குத் துணையாக நில் என்று மட்டும் சொன்னாள்.

பஸ் நிறுத்தத்தின் நேர்மேலே அந்த ஜன்னல். திறந்திருந்தது. பின்னாலேயே இறங்கி வந்த ஒட்டிலியா எங்கோ டீ வாங்கப் போனாள். அக்லயா நிமிர்ந்து பார்த்தபடி நின்றாள். லாயா, லாயா என்ற கத்தல் சாலை இரைச்சலையும் மீறிக் கேட்டது.

சட்டென்று நின்றது.

பதினெட்டு வருஷம் அந்தக் கூடத்தில் வேலை பார்த்தவளுக்கு, குழந்தை ஏன் அடங்கியது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. தோளில் சாய்ந்து அடங்கியதா? யாரும் வரமாட்டார்கள் என்று அடங்கியதா? கீழேயிருந்து கேட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மேலே ஓடிப்போய்ப் பார்க்க அவளுக்கு உரிமை இல்லை. அழுதுவிடு கண்ணே, அழுதுவிடு என்று அவள் வாய்விட்டே சொன்னாள். பக்கத்தில் நின்ற பெண் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

பஸ் வந்தது. ஏறவில்லை. அது போனதும் ஜன்னலிலிருந்து மறுபடி பிள்ளையின் அழுகை. முன்னைவிடத் தொண்டை கம்மியிருந்தது, ஆனால் கோபம் குறையவில்லை. அதனூடே இன்னொரு குரலும் கேட்டது. பெட்ரோனெலா பாடவில்லை, கொஞ்சவில்லை. பிள்ளையோடு சேர்ந்து உரக்க அழுதுகொண்டிருந்தாள்.

அக்லயா அடுத்த பஸ்ஸில் ஏறி, ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, அந்த அழுகை கேட்கிற தூரம் வரைக்கும் கேட்டுக்கொண்டே போனாள்.