எல்லாத்துக்கும் ‘இல்லை’ எண்டு எழுதின படிவம்

பெற்றோல் வரிசை ஊரையே சுத்தி வளைஞ்ச காலம். எங்கட கந்தோர் எல்லாரையும் வீட்டில இருந்து வேலை செய்யச் சொல்லிப்போட்டுது. மீள்குடியேறின சனத்துக்கு உதவுற நிறுவனம் அது. தலைமையகம் கொழும்பில, நான் மன்னார்க் கிளையில. உதவி வாங்கிற அதே சனத்தில நானும் ஒருத்தி எண்டது கொழும்பில இருந்த பெரிய மூளையளுக்கு ஒருநாளும் ஞாபகம் வந்ததில்லை.

விடத்தல்தீவில என்ர வீடு வீட்டுத்திட்டத்தில சுவர் எழும்பி, கூரை போடுற நேரம் நிண்டுபோனது. மேல வெறுந் தகரம். காலமை பத்து மணிக்கே உள்ளுக்கு ஆள் அவிஞ்சுபோகும். ஒரு பக்கம் வாதத்தில விழுந்த அம்மா அதுக்குள்ளதான் கட்டிலில கிடந்தா. அவவுக்கு ஒரு மேசை ஃபான். கரண்ட் போனால் அதுவும் நிண்டிடும், அப்ப கரண்ட் போகாத நாள் எது? அம்மாவின்ர முதுகில படுக்கைப் புண் துவங்கியிட்டுது. எனக்கு வேலை, சம்பளம் எல்லாத்தையும் விட அந்தப் புண்தான் பயம்.

இந்த நேரம் பார்த்துத் தலைமையகத்துக்கு ஞானம் பிறந்தது. வீட்டில இருந்து வேலை செய்யிற ஆக்களால சூழல் கெடுகுதாம்! கொம்பியூட்டர்க் கூட்டத்தில ஒரு மேடம் வந்து, ஏசியைக் குறையுங்கோ, தேவையில்லாத லைட்டை நூருங்கோ எண்டு அரை மணித்தியாலம் ஓதினா. ஏசிக் குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டுதான் ஓதினவ. நான் தகரத்துக்குக் கீழ வேர்வையைத் துடைச்சுத் துடைச்சுக் கேட்டுக்கொண்டிருந்தன்.

கடைசியில ஒரு நல்ல வார்த்தை சொன்னா. எல்லாரும் ஒரு படிவம் நிரப்பவேணும், அதைப் பார்த்துச் சில வீடுகளுக்குச் சோலர் தருவினமாம். மாதாவே! சோலரும் பற்றறியும் கிடைச்சால் அம்மாவின்ர ஃபான் நிக்காது.

படிவம் வந்தது. ஏசி இருக்கோ, ஃபிரிஜ் இருக்கோ, ஃபான் எத்தினை, லைட் எத்தினை. சண்டையில இடம்பெயர்ந்து முகாமில கிடந்து வந்த எங்களைப் போல ஆக்களுக்கு இதுக்கெல்லாம் ஒரே மறுமொழிதான். அங்க பாய் இருக்கோ, சட்டி இருக்கோ, மழைக்குக் கூரையில விரிக்கிற தறப்பாள் இருக்கோ எண்டு கேட்டு வருவினம். “இல்லை” எண்டால் கிடைக்கும். பக்கத்துக் கொட்டில் மனுசி ஒரு ஓட்டைத் தறப்பாளை வைச்சுக்கொண்டு “இருக்கு” எண்டு உண்மை சொல்லி, மாரி முழுக்க நனைஞ்சவ. அதை நான் கண்ணால பார்த்தனான். பிறகென்ன, எல்லாத்துக்கும் ‘இல்லை’ போட்டன். ஃபானில கை கொஞ்சம் தயங்கினது.

“அதையும் இல்லையெண்டு போடு பிள்ளை” எண்டா அம்மா, கட்டிலில கிடந்தபடி. போட்டன்.

மூண்டு கிழமையால முடிவு சொல்லிச்சினம். ஆர் அதிகமாக் கரண்ட் எரிக்கினமோ அவையளுக்குத்தான் சோலராம், அங்கதானாம் குறைக்க இடமிருக்கு. முதல் சோலர் எங்களுக்கெல்லாம் மேல இருக்கிற பணிப்பாளர் வீட்டுக்கு. மூண்டு ஏசி, மீன்தொட்டிக்கு ஒரு மோட்டர், பாவம் மனுசன்! பிறகு மேடம் என்ர பேரைச் சொன்னா. நிறுவனத்திலயே சூழலை ஆகக் குறைவாக் கெடுக்கிற ஆள் நானாம். “எல்லாரும் இவவைப் போல வாழப் பழகவேணும்” எண்டா. எல்லாரும் கை தட்டிச்சினம்.

என்னைப் போல வாழவோ? வா மோளே, வந்து ஒரு மத்தியானம் இந்தத் தகரத்துக்குக் கீழ கிடந்து பார்! எல்லாம் நெஞ்சுக்குள்ளதான். வாயைத் திறந்தால் படிவத்தில பொய் எழுதினவள், மூடினால் முன்மாதிரி. நான் வாயை மூடினன். அவையளில வந்த வெறுப்பை விட என்னில வந்த வெறுப்புத்தான் கூட.

பாராட்டுப் பத்திரத்தைக் கொழும்பில இருந்து ஜீப்பில கொண்டு வந்து தந்தவை. சனம் ஒரு லீற்றருக்கு வரிசையில காயுது, இவையள் படம் எடுத்து முடியுமட்டும் ஏசிக்காக எஞ்சினை நிப்பாட்டவே இல்லை. வாசலில சிரிச்சுக்கொண்டு நிக்கச் சொன்னவை, நிண்டன். உள்ளுக்கு வந்து பார்க்க, கரண்ட் போய்க் கிடக்கு.

அம்மாவை ஒருக்களிச்சுப் படுக்க வைச்சு, அந்தப் பத்திரத்தால முதுகுக்கு விசிறினன். நல்ல தடிப்பான மட்டை.

“என்ன தந்தவை பிள்ளை?”

“இந்த மட்டைதான் அம்மா.”

அம்மா ஏலுற கையால மட்டையைத் தடவிப் பார்த்தா.

“முகாமிலயெண்டால் ஒரு தறப்பாளாவது தந்திருப்பாங்கள்” எண்டா.