பெயர் நீக்கிய குரல்

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இரண்டாம் பூசைக்குப் போய்வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் திருவொற்றியூர் அண்ணி நிற்கிறார். பக்கத்தில் அவர் மகள். கடைசியாக நான் பார்த்தபோது அவளுக்கு ஒன்பது வயது. இப்போது அம்மாவைவிட அரை அடி உயரம். நடுவில் ஆறு வருடம் ஓடியிருந்தது.

"இன்னாமா, என்னத் தெரிதா?" என்றார்.

தெரியாமல் போகுமா? திருவொற்றியூரில் அவர் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, அவர் போட்ட டீயைக் குடித்துக்கொண்டு, அவர் புருஷன் பேசப் பேச நான்கு சாயங்காலம் ஒலிப்பதிவு செய்தவள் நான். அந்தப் பேச்சுதான் என் முனைவர் பட்டத்துக்கு முதுகெலும்பு. பட்டம் கைக்கு வந்த பிறகு அந்தத் தெருவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கல்லூரி வேலை, அது இது என்று சாக்குச் சொல்லலாம். வெட்கக்கேடு, வேறென்ன? அண்ணி அதைச் சொல்லிக் காட்டவில்லை. உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"அவுருக்குத் தொண்டையில கட்டிமா. ஆப்ரேசன் பண்ணி கொரலுப் பெட்டியவே எடுத்துட்டாங்க. உசுரு கீது. கொரலு இல்ல. இனிமே வராதாம்."

அண்ணன் துறைமுகத்தில் சிக்னல்காரராக இருந்தவர். கிரேன் ஓட்டுபவருக்குக் கப்பலின் அடிவயிறு தெரியாது. மேல்தளத்தில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, 'இறக்கு, நிறுத்து, தூக்கு' என்று கையாலும் வாயாலும் சொல்கிறவர்தான் சிக்னல்காரர். பீடியோ தூசியோ, எது அந்தத் தொண்டையைத் தின்றதென்று டாக்டருக்கும் தெரியவில்லையாம்.

"போன்ல எதுவும் இல்லையா அண்ணி?"

"அவுரு எந்தக் காலத்துல போன்ல பேசனாரு? இங்கேர்ந்து கத்துனா கப்பல்ல கேக்கும். என் போன்ல ரெண்டு மூணு இருந்துச்சி. வெள்ளத்துல போனும் பூட்ச்சி, பீரோவும் பூட்ச்சி. கல்யாண கேசட்டப் போட்டா பேண்டு சத்தந்தான் கேக்குது. ஆப்ரேசனுக்கு முன்னால அவுர ரெண்டு வார்த்த பேசவுட்டுப் புடிச்சி வெச்சிக்கலாம்னு ஒருத்தருக்கும் தோணல. அதுக்குத்தான் இவ ஒரு மாசமா எங்கிட்ட மொகம் குட்த்துப் பேச மாட்டேன்றா."

மகள் என் புத்தக அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் பொட்டில அவுரு கொரலு கீதுல்ல? அத்தக் குடும்மா. நெறயலாம் வோணாம். இவ பேரச் சொல்லிக் கூப்புட்றது ஒருதபா இருந்தா போதும்."

"தேடிப் பார்க்கிறேன் அண்ணி" என்றேன். பச்சைப் பொய். தேடவேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பதிவு என் கணினியிலேயே பத்திரமாக இருந்தது. மகளின் பெயர் மட்டும் அதில் இல்லை. அதை வெட்டி எடுத்தவள் நானேதான்.

ஏன் வெட்டினேன் என்று சொல்லவேண்டும். துறைமுகத்தில் உழைப்பவர்களின் பேச்சுதான் என் ஆராய்ச்சி. கப்பலோடு வந்து கரையில் தங்கிவிட்ட சொற்களைத் தேடி அலைந்தேன். அதே வேலையை இந்தியப் பெருங்கடலின் அந்தக் கரையில் செய்துகொண்டிருந்த ஒரு தோழி, மொம்பாசாக்காரி, மூன்று வருடம் எங்கள் துறைக்கு வந்து தங்கினாள். அவளுக்கு அவள் ஊர்த் துறைமுகத்துச் சுவாஹிலி, எனக்கு என் ராயபுரத்துத் தமிழ். நம் மேசை அவள் ஊரில் மேசா. நம் பைசா அங்கே பேசா. முதல் நாள் இதைப் பேசி இரண்டு பேரும் கேன்டீன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தோம். டீ மாஸ்டர் வந்து என்னவென்று கேட்கும் அளவுக்குச் சிரித்தோம்.

எனக்கு மூக்குமேல் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். சரிதான். ஒரு கருத்தரங்கில் அந்த அண்ணன் பேசுவதைப் போட்டுக் காட்டினேன். 'கிரேன்ல குந்திக்கினு கீறவனுக்கு' என்று அவர் ஆரம்பித்ததுமே அறை முழுக்கச் சிரிப்பு. சினிமா காமெடி என்று நினைத்துவிட்டார்கள் படித்த மேதைகள். டீ இடைவேளையில் ஒருவர் வந்து, "உங்க ஏரியாவுல போய் ரூல்ஸ் எல்லாம் பார்த்து ரெக்கார்ட் பண்ண முடியுமா மேடம்?" என்று வேறு கேட்டார். அன்றைக்கே மனதுக்குள் ஒரு சபதம் போட்டேன். விதி என்று ஒன்று இருந்தால் அதை என்னைவிடச் சுத்தமாக ஒருவனும் கடைப்பிடித்திருக்கக் கூடாது.

பேசியவரின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்பதுதான் விதி. எல்லாரும் செய்வது இதுதான்: எழுதி எடுக்கும்போது பெயரை மாற்றிவிட்டு, மூலப்பதிவைப் பூட்டி வைத்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. ஒலியிலேயே கை வைத்தேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்து, பெயர் வரும் ஒவ்வொரு இடத்தையும் கண்டுபிடித்து, அந்த நீளத்துக்கு மௌனத்தை வைத்தேன். மனைவி பெயர், மகள் பெயர், தெருப் பெயர், கூட வேலை பார்த்தவர்களின் பட்டப்பெயர், ஒன்று விடவில்லை. கடைசியில் மூலப்பதிவு ஒவ்வொன்றையும், திரும்ப எடுக்கவே முடியாதபடி அழிக்கும் மென்பொருளைப் போட்டு அழித்தேன். அழித்துவிட்டேன் என்று நானே ஒரு சான்றிதழ் தயாரித்து ஆய்வு வழிகாட்டியிடம் கையெழுத்தும் வாங்கினேன். அவர் சிரித்துக்கொண்டே போட்டார். இவ்வளவு தேவையா என்று அவர் கேட்டது எனக்குப் பாராட்டாகத்தான் கேட்டது.

மொம்பாசாக்காரி மட்டும் என் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கள் பக்கம், பேசியவர் வீட்டில் ஒரு பிரதி கொடுக்காமல் கிளம்பினால் அடுத்த முறை கதவு திறக்காது" என்றாள்.

"இங்கே அது விதிமீறல்" என்றேன்.

"அவர் கூப்பிட்ட பெயரை அவர் வீட்டுக்கே தெரியாமல் மறைக்கிறாயா?"

நான் அடுத்த பெயரை வெட்டினேன்.

அந்த அண்ணனும் கேட்டார். முதல் நாள் ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டியபோது, "எம்பேர ஏன் மறைக்கோணும்? நான் இன்னா திருடனா? பெரிசாப் போடு தங்கச்சி" என்றார். உங்கள் நல்லதுக்குத்தான் என்று பெரிய மனுஷிபோல எடுத்துச் சொன்னேன். எனக்காகக் கையெழுத்துப் போட்டார்.

அம்மாவும் மகளும் வந்துபோன மறுநாள், கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு ஓடினேன். அழித்ததை மீட்டுத் தரச் சொல்லிப் பழைய ஹார்டு டிஸ்க்கை ஒரு கடையில் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அந்தக் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "யார் அழிச்சாங்களோ, ரொம்ப கரெக்டா அழிச்சிருக்காங்க மேடம். துளிகூட மிச்சம் இல்ல." பஸ்ஸில் திரும்பி வரும்போது வண்ணாரப்பேட்டை தாண்டும்வரை அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எதுவும் கேட்காமல் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தார்.

மொம்பாசாவுக்குப் போன் போட்டேன். 'அப்போதே சொன்னேன்' என்று அவள் சொல்வாள், திட்டு வாங்கினால் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. "இருப்பதைப் போனில் அனுப்பிவிடாதே. நீயே கொண்டுபோ. அது ஓடும்போது நீ அந்த வீட்டில் இருக்கவேண்டும்" என்றாள். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் போனேன். நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. வெள்ளத்துக்குப் பிறகு அதே தெருவில் ஒரு மாடி வீட்டுக்குக் குடி மாறியிருந்தார்கள். அண்ணன் ஒரு பிளாஸ்டிக் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஒரு துணி. அதற்குப் பின்னால் இருந்த துளையில்தான் இப்போது மூச்சு. பாதி உடம்பாகிவிட்டார். என்னைப் பார்த்ததும் உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து மெல்ல இறக்கினார். பாரத்தை மெதுவாக இறக்கு என்று கிரேன்காரருக்குக் காட்டும் அதே கை. உட்கார் என்கிறார்.

பிறகு மேசையை இரண்டு முறை தட்டினார். சமையலறையிலிருந்து அண்ணி வந்தார். மூன்று முறை தட்டினார். மகள் வந்தாள். "இப்ப இப்டித்தான்" என்றார் அண்ணி. "எனுக்கு ரெண்டு, அவளுக்கு மூணு."

போனை மேசைமேல் வைத்து ஓடவிட்டேன்.

"கப்பல் வயித்துக்குள்ள இன்னா கீதுன்னு கிரேன்ல குந்திக்கினு கீறவனுக்குத் தெரியாது தங்கச்சி. நான் சொல்றதுதான் அவனுக்குக் கண்ணு."

அடேயப்பா, என்ன குரல்! அறை நிறைந்துவிட்டது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் தலையைச் சாய்த்து, யாரோ தெரிந்தவர் பேசுவதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் பதிவில் அவரே சிரித்தார். இங்கே அவர் தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை.

அப்போது பேச்சு அறுந்து ஒரு வெற்றிடம் வந்தது.

"நின்னு பூட்ச்சா?" என்றாள் மகள்.

நிறுத்தினேன். "இல்லம்மா. அங்க ஒரு பேர் இருந்தது. நான் எடுத்துட்டேன். எல்லாப் பேரையும் எடுத்துட்டேன். உன் பேரையும். பழையபடி இருந்த பதிவு இப்ப எங்கயும் இல்ல."

அவள் என் பக்கம் திரும்பினாள். "உன்ன யாரு எடுக்கச் சொன்னா?"

விதி என்று வாய்வரை வந்தது. ஆனால் விதி என்னை மூன்று வாரம் உட்கார்ந்து வெட்டச் சொல்லவில்லை. மூலத்தை அழிக்கவும் சொல்லவில்லை. "யாரும் சொல்லல. நானா பண்ணேன்."

"எங்கப்பா கூப்ட்டது என்ன. அத்த எடுக்க நீ யாரு?"

"ஏய், மருவாதியாப் பேசு" என்றார் அண்ணி.

"அவ பேசட்டும் அண்ணி."

அவள் எழுந்து போய் வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். எனக்குச் செத்துவிடலாம்போல இருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். கோபமா, இரக்கமா, அந்த முகத்தில் என்னால் படிக்க முடியவில்லை. கட்டைவிரலை மேல்நோக்கி அசைத்தார். தூக்கு. ஓடவிடு.

கொஞ்ச தூரம் ஓடியதும் அடுத்த மௌனம் வந்தது. அதன் முடிவில், பதிவுக்குள் எங்கோ தள்ளியிருந்து, ஆறு வருடத்துக்கு முந்தைய அண்ணியின் குரல்: "இன்னாயா? டீ போட்டுக்கினு கீறேன்ல?"

இங்கே அண்ணி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "அப்பவும் கத்திக்கினுதான் கீறேன் பாரு." அண்ணன் விரலை நீட்டிப் பதிவைப் பின்னால் தள்ளினார். மௌனம் மறுபடி வந்தது. சரியாக அந்த இடத்தில் மேசையை இரண்டு முறை தட்டினார். "இன்னாயா?" என்றது போன். அண்ணியின் சிரிப்பு நின்றுபோனது. தட்டிய கையைப் பிடித்துக்கொண்டார்.

மகள் பெயர் எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அண்ணன், தன் பெண் எவ்வளவு சமர்த்து என்று எனக்குக் காட்டுவதற்காக, பேச்சின் நடுவே அவளைக் கூப்பிட்டார். அந்த இடம் நெருங்க நெருங்க நிறுத்திவிடலாமா என்று இருந்தது. நிறுத்தவில்லை.

"ஏ" என்றது அவர் குரல். பிறகு மௌனம். பிறகு ஒரு சின்னப் பெண்: "இன்னாப்பா?"

வாசற்படியில் நின்றவள் அசையவில்லை. அண்ணன் தட்டத் தவறிவிட்டார். கை மேசைக்கு மேலேயே நின்றுவிட்டது. அவசரமாகப் பின்னால் தள்ளினார். அதிகம் தள்ளிவிட்டதால் துறைமுகக் கதை கொஞ்சம் மறுபடி ஓடியது. கீழே ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"ஏ" என்றது குரல்.

மௌனம் தொடங்கியதும் மேசையை மூன்று முறை தட்டினார்.

"இன்னாப்பா" என்றாள் வாசற்படியில் நின்றவள். என் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. அப்பாவை நோக்கித்தான் திரும்பினாள். அவள் சொல்லி முடிக்கும்போதே போனிலிருந்து ஒன்பது வயதுக் குரலும் அதையே சொன்னது.

அவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. போன்தான் பதில் சொன்னது.

"ஒண்ணுமில்லமா. சும்மாதான் கூப்ட்டேன்."