தெளிவில்லாத கைரேகைகள்

எங்கள் அக்கா தாராவியில் பிறந்தார். தோல் பட்டறையில் வேலை பார்த்த அப்பா இளம் வயதிலேயே மறைந்ததும், ஆசிரியை வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார். அரசு அலுவலகத்தில் அமர்ந்து பிறர் மனுக்களில் குறை கண்டுபிடிக்கும் அளவுக்கு நானும் படித்தேன்.

செம்பூருக்கு அப்பால், கழிமுகத்தை ஒட்டிய மீனவர் குடியிருப்பின் பள்ளியில்தான் அக்கா கடைசிவரை பணியாற்றினார். அங்குள்ள பெண்கள் அலையாத்திக் காட்டுச் சேற்றில் சிப்பியும் நண்டும் எடுத்து விற்பவர்கள். அந்தக் காட்டில் லாரிகள் கட்டட இடிபாடுகளைக் கொட்டத் தொடங்கின. காட்டைக் காத்துக் கன்று நடும் பொறுப்பைத் தங்களிடமே தர வேண்டும், சிப்பி எடுக்கும் உரிமையும் நிலைக்க வேண்டும் என்று அந்தப் பெண்கள் மனுச் செய்தார்கள். மராத்தியில் எழுதிக் கொடுத்தவர் அக்கா.

மனு என் மேசைக்கு வந்தது. பெருவிரல் ரேகைகள் தெளிவாக இல்லை என்று குறிப்பெழுதித் திருப்பினேன். விதி எண்ணையும் போட்டேன். அதிலெல்லாம் நான் தவறுவதில்லை. திருத்திய மனு வருவதற்குள் கெடு முடிந்தது. சிப்பி விளைந்த ஓடை ஒன்று இடிபாடுகளுக்கு அடியில் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தன் திலக் நகர் வீட்டில் எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே அக்கா சொன்னார்: “ஏல, வருசக்கணக்கா சிப்பி பேத்தெடுத்த வெரலு. ரேகையெல்லாம் சேத்துலதான் கெடக்கு. ஆபீஸ் முத்திரையோட போயி பொறுக்கிட்டு வா.”

விதி அப்படி என்றேன்.

“நேர்ல போயி விசாரின்னு ஒங்க விதியில இல்லியா?”

இருந்தது. அடுத்த பிரிவிலேயே இருந்தது. லோக்கல் ரயிலில் அரை மணி நேரப் பயணம், நான் போகவில்லை.

அதன்பின் அக்கா அதைப் பற்றிப் பேசவில்லை. திருப்பியவன் தன் தம்பி என்று அந்தப் பெண்களிடமும் சொல்லவில்லை. அவர் நோயில் கிடந்த மாதங்களில் அவர்கள்தான் முறை வைத்து உடனிருந்தார்கள். நான் போனால், டீச்சரின் தம்பி என்று எழுந்து நாற்காலி தருவார்கள். நானும் உட்காருவேன்.

அக்காவின் காரியம் முடிந்த அன்று அவர்களில் மூத்தவர் என்னிடம் வந்தார். மிச்சமுள்ள காட்டுக்காக மீண்டும் மனுக் கொடுக்க வேண்டும், உங்களுக்குத்தான் எல்லா நடைமுறையும் தெரியுமாமே, எழுதித் தருவீர்களா என்று கேட்டார். சரி என்றேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

அக்காவைக் கவனித்த மருத்துவருக்கும், அண்டை வீட்டாருக்கும், ஊரிலிருந்து வந்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. அந்தப் பெண்களுக்கு நன்றி மட்டும் போதாது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது; இதையெல்லாம் இந்த நினைவு மலரில் எழுத எனக்குத் துணிவு வந்ததும் அதனால்தான். இன்று ஆண்டு நினைவுச் சாப்பாட்டுக்கு அவர்கள் வருகிறார்கள். இலை போடுமுன் மராத்தியில் நானே சொல்லிவிடுகிறேன். ஓராண்டாகத் தள்ளிப்போட்ட புது மனுவும் எழுதித் தயாராக இருக்கிறது. அதை என் கையிலிருந்து வாங்குவதா, வேறு ஆளைப் பார்ப்பதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.