சிரிப்பில் போன நான்கு நிமிடங்கள்

எங்கள் வுனிமோலி ஊரின் செவிலியராக உனைசி பதினேழு ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறார். எங்கள் வளைகுடாவைச் சுற்றியுள்ள ஐந்து ஊர்களுக்கும் அவர் ஒருவரே. காலையில் சுகாதார நிலையத்தின் கதவைத் திறந்ததும் மருந்துகள் இருக்கும் குளிர்பெட்டியின் வெப்பமானியைப் பார்த்துக் குறித்துவிட்டுத்தான் தேநீர் குடிப்பார். பிரசவத்துக்கு அழைப்பு வந்தால், கடல் எப்படியிருந்தாலும் படகில் ஏறிவிடுவார். பாதிரியார் வீட்டுப் பிள்ளையானாலும் அவரிடம் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

இத்தனை கண்டிப்புள்ள பெண்மணி, மச்சான் முறை உள்ளவர்களிடம் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். அதில் அவருடைய குற்றம் ஒன்றுமில்லை. எங்கள் கண்டவுத் தீவில் அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசவே தயங்குவார்கள். ஆனால் அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் சந்தித்துவிட்டால் அங்கே கேலிக்குத்தான் இடம். சாவு வீட்டில்கூட அவர்கள் ஒருவரையொருவர் சீண்டுவார்கள். கேலிக்குக் கோபித்துக்கொள்பவரை ஊர் மதிக்காது.

உனைசியின் அத்தை மகன் சகராயா. இடித்து நீரில் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேரைப் பயிரிடுபவர். ஐம்பது வயதிலும் வேர் மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையிறங்குவார். நோய் ஒன்றும் இல்லாமலே வாரத்துக்கு இரண்டு முறை நிலையத்துக்கு வருவார்.

"மாமன் மகளே, இன்னும் நீ கெழவியாகலையா? இல்ல எனக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு மச்சான். மங்கினது மூளை. அதுக்கு இங்க மருந்து இல்ல."

வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கு அதைக் கேட்டே பாதி நோய் போய்விடும்.

கொரோனாத் தடுப்பூசியின் இரண்டாம் தவணையை ஓர் ஆகஸ்டு மாதத்துச் செவ்வாய்க்கிழமையில் தேவாலயக் கூடத்தில் போட்டார்கள். உனைசி ஊசி மேசையில் இருந்தார். அவருடைய சித்தப்பா தெமெசி, ஊரின் சுகாதாரத் தொண்டர், பக்கத்தில் அமர்ந்து பெயரையும் ஊசி போட்ட நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஊசி போட்டுக்கொண்டவர்கள் பதினைந்து நிமிடம் பாயில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போக வேண்டும். ஊர்ப் பள்ளியில் ஆசிரியராக இருக்கும் நானும் அங்கேதான் என் முறைக்காகக் காத்திருந்தேன்.

சகராயா மேசைக்கு முன் வந்து சட்டைக் கையை மடித்துவிட்டார். படிவத்தில் உள்ள கேள்விகளை ஒருவர் விடாமல் எல்லோரிடமும் கேட்பது உனைசியின் வழக்கம். அவரிடமும் கேட்டார்.

"மொத ஊசி போட்ட பிறகு உடம்புக்கு ஏதாவது ஒத்துக்காமப் போச்சா?"

"போச்சே. ரெண்டு நாள் உடம்பெல்லாம் தடிச்சுத் தடிச்சு அரிச்சுது. உன் கை பட்டா எனக்கு எப்பவும் அப்படித்தான்."

"குளிக்காம வந்தா அரிக்கத்தான் செய்யும் மச்சான்."

பின்னால் நின்ற அவர் மனைவி லோசலினி விடவில்லை. "நல்லாச் சொல்லு உனைசி. சோப்பு வாங்கி வச்சா, அதை வெட்டித் தூண்டில்ல மாட்டிட்டுப் போறாரு."

கூடம் சிரித்தது. உனைசியும் சிரித்துக்கொண்டே 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டார். ஊசி போட்டார். பத்து மணி முப்பத்திரண்டு நிமிடம் என்று தெமெசி எழுதினார்.

பத்து முப்பத்தாறுக்குச் சகராயா பாயிலிருந்து கூப்பிட்டார். சுவர்க் கடிகாரத்துக்கு நேர் எதிரே அமர்ந்திருந்ததால் அந்த நேரம் எனக்கும் நினைவிருக்கிறது.

"உனைசி, யாரோ தொண்டையைப் பிடிக்கிற மாதிரி இருக்கு."

உனைசி அடுத்தவரின் தோளைத் துடைத்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. "லோசலினியாத்தான் இருக்கும். கை வலிச்சா விட்டுடுவா. பொறு."

"இல்ல, நெசமாத்தான். செத்துடுவேன் போலிருக்கு."

"செத்தா உன் யங்கோனாத் தோட்டம் எனக்கு. எல்லாரும் சாட்சி, கேட்டுக்குங்க."

கூடம் மறுபடியும் சிரித்தது. நானும் சிரித்தேன். சகராயா பக்கவாட்டில் சாய்ந்து பாயில் படுத்தபோது, அவர் செத்தவரைப் போல நடிக்கிறார் என்றே நினைத்தோம். சென்ற ஈஸ்டருக்கு அவர் அப்படி நடித்துக் காட்டியிருந்தார். உனைசி இன்னும் இரண்டு பேருக்கு ஊசி போட்டார். மூன்றாமவருக்காக மருந்தை ஏற்றும்போதுதான் அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்தது. காற்று ஒரு சிறு துளை வழியாக உள்ளே போக முயல்வதைப் போன்ற சீழ்க்கை. திரும்பிப் பார்த்தார். சகராயாவின் உதடுகள் வீங்கியிருந்தன. கழுத்தில் திட்டுத் திட்டாகத் தடிப்புகள். முகம் சாம்பல் நிறமாகியிருந்தது.

அதன் பிறகு உனைசியின் கை தவறவில்லை. ஒவ்வாமையை முறிக்கும் அட்ரினலினைத் தொடையில் செலுத்தினார். காலை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது ஊசியையும் போட்டார். தெமெசி கடற்கரைக்கு ஓடிப் படகைத் தயார் செய்தார். மருத்துவமனை இருக்கும் துறைக்கு ஒன்றரை மணி நேரக் கடற்பயணம். அவ்வளவு நேரமும் உனைசி சகராயாவின் நாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை என்று லோசலினி பிற்பாடு சொன்னார். சகராயா பிழைத்துக்கொண்டார்.

அன்று மாலை மருத்துவமனையில் உனைசி அறிக்கைப் படிவத்தை நிரப்பினார். 'அறிகுறி தொடங்கிய நேரம்' என்ற இடத்தில் பத்து முப்பத்தொன்பது என்று எழுதினார். 'அட்ரினலின் கொடுத்த நேரம்' என்ற இடத்தில் பத்து நாற்பது. இந்த இரண்டில் பின்னது மட்டுமே உண்மை. 'முன்பு ஒவ்வாமை ஏற்பட்டதுண்டா' என்ற கேள்விக்கு, காலையில் எழுதிய 'இல்லை'யையே மறுபடியும் எழுதினார்.

நான்காம் நாள் சகராயா நடந்தே படகிலிருந்து இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் உனைசியின் பெயரைச் சொல்லிக் கடவுளுக்கு நன்றி கூறினார். பெண்கள் அவர் கழுத்தில் பூமாலை இட்டு, புதிய பாய் விரித்து உட்கார வைத்து, தேங்காய்ப்பாலில் வெந்த மீனை முதலில் அவருக்குப் பரிமாறினார்கள். உனைசி இரண்டு கவளத்துக்கு மேல் உண்ணவில்லை. ஊர், களைப்பு என்று நினைத்துக்கொண்டது.

"கொன்னதும் அவதான், பொழைக்க வச்சதும் அவதான்" என்றார் சகராயா எல்லோரும் கேட்க. "வைத்தியத்துல ரெண்டு பக்கமும் கத்துக்கிட்டா."

எல்லோரும் சிரிக்க, உனைசி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் தூக்கத்தை இழந்ததை நான் அறிவேன். எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு வரும்போதெல்லாம் வாளி நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நிற்பார். ஒருநாள் தானாகவே சொன்னார். "அவரு தெளிவாச் சொன்னாரு டீச்சர். ரெண்டு தடவையும் சொன்னாரு. வேற யார் சொல்லியிருந்தாலும் எழுதியிருப்பேன், ஓடியிருப்பேன். அவரு வாயிலேர்ந்து வந்ததால என் காதுல ஏறலை." சகராயாவிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்காமல் இனி ஒரு கையிலும் ஊசியை வைக்கத் தமக்குத் துணிவில்லை என்றும் சொன்னார்.

கேட்டுப் பார்க்காமலும் இல்லை. தோட்டத்துப் பாதையில் சகராயாவும் லோசலினியும் எதிரே வந்தபோது நிறுத்தினார்.

"மச்சான், அன்னைக்கு நீ என்கிட்டச் சொன்னதை நான்..."

"கட்டிக்கிறேன்னு சொன்னதா? அது ஊசி மயக்கத்துல சொன்னது, நம்பிடாத."

"கேலி இல்ல. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"முப்பது வருசத்துக்கு முந்தி என்னை வேண்டாம்னு விட்டியே, அந்தத் தப்பா?"

"அதை மட்டும் திருத்திடாத உனைசி" என்றார் லோசலினி. "இந்த வயசுல நான் வேற ஆளைத் தேட முடியாது."

இருவரும் சிரித்துக்கொண்டே மேலே ஏறிப்போனார்கள். உனைசி வழியிலேயே நின்றார். தாம் எந்தச் சொல்லை எடுத்தாலும் அது அவர் காதில் கேலியாகவே விழும் என்பது அப்போது அவருக்குப் புரிந்தது. கூடத்தில் சகராயாவுக்கு நேர்ந்ததும் அதுதானே.

மறுவாரம் உனைசி மருத்துவமனைக்குப் படகேறினார். தலைமைச் செவிலியர் பிரமிளாவிடம் நேரத்தையும் முதல் ஊசியின் அரிப்பையும் மறைக்காமல் சொன்னார். பிரமிளா பழைய படிவத்தை எடுத்து, அதன் மேல் கோடிட்டு, புதியதை உனைசியின் கையாலேயே எழுத வைத்தார்.

"வேலை போகாது உனைசி. ஆனா எச்சரிக்கைக் கடிதம் உங்க கோப்புல ஏறும். இனிமே பாயில உக்காந்திருக்கிறவங்களைப் பார்த்துக்கிறதுக்குன்னே ஒரு ஆள் தனியா இருக்கணும், அந்த ஆள் ஊசி போடக் கூடாது. அது சரி, அவர்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்ல முடியல சிஸ்டர். அவரு எனக்கு மச்சான்."

பிரமிளா கரும்புத் தோட்டப் பக்கத்து இந்தியக் குடும்பத்தில் பிறந்தவர்; ஆனாலும் தீவுக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மச்சான் என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள் என்று அறிந்தவர்.

ஊருக்குத் திரும்பிய உனைசி, ஒரு முழு யங்கோனா வேரை விலைக்கு வாங்கித் தெமெசியிடம் கொண்டுபோனார். எங்களிடையே பெரிய தவறு செய்தவர், உறவில் ஓர் ஆண்மகனை முன்னிறுத்தி, யங்கோனாவைப் பாதிக்கப்பட்டவர் காலடியில் வைத்துத் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்பது வழக்கம். அதை எவரும் கேலி செய்ய முடியாது. ஆனால் மச்சான் உறவில் அப்படிச் செய்வதில்லை. அங்கே தவறு என்ற ஒன்றே இல்லை என்பதுதான் முறை.

தெமெசி வேரைப் பார்த்துத் திகைத்தார். "மச்சானுக்கு யங்கோனா வச்சு மன்னிப்பா? ஊரே சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும் சித்தப்பா. சிரிச்சதுலதான் நாலு நிமிசம் போச்சு."

"ஒரு தடவை வச்சுட்டா திருப்பி எடுக்க முடியாது. யோசிச்சுக்க. அதுக்கப்புறம் அவன் உன்கிட்ட எப்படிப் பேசுவான்?"

"எப்படியோ பேசட்டும். அவருக்குத் தெரியணும்."

சனிக்கிழமை பிற்பகல் இருவரும் சகராயாவின் வீட்டுக்குப் போனார்கள். சகராயா பாயில் அமர்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை கேட்டு வந்திருக்கீங்களா?" என்று ஆரம்பித்தவர், தெமெசி மண்டியிட்டு வேரை முன்னால் வைப்பதைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார். தெமெசி சொல்ல வேண்டிய சொற்களை முறைப்படி சொன்னார். பிறகு உனைசி தலையைக் குனிந்தபடியே பேசினார்.

"மொத ஊசியில அரிச்சதுன்னு நீங்க சொன்னீங்க. நான் இல்லைன்னு எழுதினேன். தொண்டை அடைக்குதுன்னு சொன்னீங்க. நான் திரும்பிக்கூடப் பார்க்கலை. நாலு நிமிசம் உங்களை அப்படியே விட்டேன். அப்புறம் அதைக் காகிதத்துல ஒரு நிமிசமாக் குறைச்சேன். இப்போ திருத்தியாச்சு. ஆனா உங்க உசிரு போயிருந்தா என் கையால போயிருக்கும்."

அவர் 'நீங்க' என்று சொன்னதைக் கேட்டதும் லோசலினி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நானும்தானே சிரிச்சேன்" என்றார் மெதுவாக. பிறகு கணவர் பக்கம் திரும்பி, "பக்கத்துலதானே இருந்தேன்" என்றார்.

சகராயா நெடுநேரம் வேரைத் தொடவில்லை. அவர் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாரோ என்று தெமெசி பயந்தாராம். சகராயா சிரிக்க வைக்கவில்லை. ஏற்பதன் அடையாளமாகக் கைகளைக் குவித்து மூன்று முறை ஓசையெழத் தட்டினார். வேரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏத்துக்கிட்டேன். மன்னிச்சாச்சு. இனி இதை யாரும் பேச வேண்டாம்."

முறைப்படி சொல்ல வேண்டிய சொற்கள் அவைதாம். ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை.

அடுத்த மாதம் இரத்த அழுத்தம் பார்க்கும் நாளில் சகராயா நிலையத்துக்கு வந்தார். பெஞ்சில் இருந்த நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டோம். அவர் வரிசையில் நின்றார். முறை வந்ததும் உள்ளே போய், "வணக்கம் நர்ஸம்மா" என்றார்.

உனைசி அழுத்தமானியின் பட்டையை எடுத்து அவர் கையில் சுற்றினார்.

"மூச்சு வாங்குதா?"

"மலை ஏறும்போது மட்டும், கொஞ்சம். நேத்து ரெண்டு தடவை நின்னு ஏறினேன்."

"அரிப்பு, தடிப்பு?"

"இல்லைங்க."

எண்ணைக் குறித்துவிட்டு உனைசி பட்டையைக் கழற்றினார். "இன்னும் எம்மேல கோவமா மச்சான்?" என்று அவர் கேட்டது கதவுக்கு வெளியே எங்கள் காதிலும் விழுந்தது.

"கோவம் அன்னைக்கே போயிடுச்சு." சகராயா சட்டைக் கையைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார். "ஆனா எனக்குத் திரும்பவும் ஏதாவது ஆச்சுன்னா, நான் சொல்றதை நீங்க நம்பணுமில்லையா? அதான் இப்படியே பழகிக்கிறேன்."

உனைசி தலையசைத்தார். 'மலை ஏறும்போது மூச்சு வாங்குகிறது. நேற்று இரண்டு முறை நின்றார்' என்று, அவர் சொன்னதைச் சொன்னபடியே அட்டையில் எழுதினார். பிறகு அடுத்தவரைக் கூப்பிட்டார்.