தலையில்லாத போல்ட்

வேறு யாராவது ஓட்டுகிற வண்டியில் என் மாமா கண்மூட மாட்டார். கல்யாணத்துக்கு வேன் பிடித்துப் போனால், சொந்தபந்தமெல்லாம் வாயைப் பிளந்து தூங்கும்போது அவர் மட்டும் டிரைவருக்குப் பக்கத்தில் விறைத்து உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வருவார். எங்கள் ஊர் சங்ககிரியில் தடுக்கி விழுந்தால் லாரிக்காரர் மேல்தான் விழ வேண்டும். மாமாவும் லாரி ஓட்டுகிறவர்தான். ஆனாலும் அடுத்தவன் ஓட்டுவதை இந்த அளவுக்கு நம்பாத ஆள் தன் அண்ணன் ஒருவர்தான் என்று அம்மா சொல்வாள்.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது அப்பா ஒரு பழைய கார் வாங்கினார். ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் நீலக் கார். வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு, லாரி எடுத்துக்கொண்டு வடக்கே போய்விட்டார். அம்மா சேலை வியாபாரம் தொடங்கியிருந்த நேரம் அது. இளம்பிள்ளைத் தறிக்காரர்களிடம் சேலை எடுத்து, பஸ் மாறி மாறி, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். ஒருமுறை மழையில் மூட்டை நனைந்து, சிவப்பின் சாயம் மஞ்சளில் இறங்கி, அத்தனையும் பாழாகிவிட்டது. அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாளே கார் பழகப் போய்ச் சேர்ந்தாள்.

லைசென்ஸ் வந்துவிட்டது. கார் மட்டும் வாசலை விட்டு நகரவில்லை. அப்பா போனில், “உங்கண்ணன் சரின்னு சொன்னா எடுத்துட்டுப் போ” என்று பொறுப்பை மாமா தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக லாரி ஓட்டினார்.

மாமா யோசித்து ஒரு பரீட்சை வைத்தார். “நடுவழியில பஞ்சர் ஆச்சுன்னா யாரைக் கண்ணு கூப்புடுவ? ஒரு சக்கரத்தை ஒத்தையாளாக் கழட்டி மாட்டிக் காட்டு. அப்புறம் இளம்பிள்ளை என்ன, டெல்லிக்கே போ.”

கழற்றுவது அம்மாவுக்குக் கஷ்டமாக இல்லை. மாட்டுவதில்தான் வந்தது வினை. லாரியில் சக்கரம் மாட்டுகிற இடத்தில் ஸ்டட்டுகள் விரல் விரலாக நீட்டிக்கொண்டு நிற்கும். சக்கரத்தைத் தூக்கி அவற்றில் தொங்கவிட்டு நட்டைப் போட்டு முறுக்க வேண்டியதுதான். இந்தக் காரில் அப்படி எதுவும் இல்லை, வெறும் ஓட்டைகள்தான். சக்கரத்தைக் கையில் ஏந்திப் பிடித்து, ஓட்டைக்கு ஓட்டை நேர் பார்த்து, அதே நேரத்தில் போல்ட்டையும் சொருக வேண்டும். மூன்று கை இருந்தால் முடியும். அம்மாவுக்கு இரண்டுதான். சக்கரம் ஒவ்வொரு முறையும் சரிந்து அவள் முழங்காலில் விழுந்தது.

“இதெல்லாம் ஒரு வண்டியா?” என்றார் மாமா. “ஸ்டட்டு நிக்கோணும், சக்கரம் தொங்கோணும். பட்டறையில சொல்லி நாலு சக்கரத்துக்கும் ஸ்டட்டா மாத்தீரலாம்.”

“கம்பெனிக்காரன் யோசிக்காமயா போல்ட்டு வெச்சிருப்பான்? மாத்துன ஸ்டட்டு நட்டோட சேந்து கழண்டு வந்துட்டா என்னுங்ணா பண்றது?”

“அப்ப வண்டி நிக்கட்டும்.”

நின்றது. காக்கைகளுக்கு உட்கார ஒரு நல்ல இடம் கிடைத்தது. அம்மா மறுபடி பஸ்ஸில் மூட்டை தூக்கினாள். எனக்கு மாமா மேல் ஆத்திரமாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எப்படிச் செய்வதென்று காட்ட வந்தார். இடப்பக்க முன்சக்கரத்தில் ஸ்பேனரை மாட்டினார். போல்ட் அசையவில்லை. தன் லாரியிலிருந்து நீளமான பைப்பைக் கொண்டு வந்து ஸ்பேனரில் சொருகி, அதன் மேல் ஏறியே நின்றார். பட்டென்று ஒரு சத்தம். போல்ட்டின் தலை உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது.

அவர் ஓட்டிய பழைய லாரிகளில் இடப்பக்கத்து நட்டுகளை மட்டும் எதிர்த்திசையில் திருப்பித்தான் கழற்ற வேண்டும். ஓடுகிற ஓட்டத்தில் தளராமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் கை தானாக அந்தப் பக்கம் போயிருக்கிறது. கழற்றுவதாக நினைத்துக்கொண்டு, தன் முழு எடையையும் போட்டு இறுக்கியிருக்கிறார்.

மாமா பைப்பைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். அம்மா என்னை முறைத்துவிட்டு, மற்ற போல்ட்டுகளைச் சரியான பக்கம் திருப்பித் தளர்த்தி, ஜாக்கி வைத்துத் தூக்கி, அவற்றைக் கழற்றிச் சக்கரத்தை எடுத்தாள். தலை போன போல்ட்டின் உடம்பு மட்டும் வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டு நின்றது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சக்கரத்தைத் தூக்கி அதில் மாட்டினாள். சக்கரம் சரியவில்லை. தொங்கியது.

“அண்ணா, கொஞ்சம் நகருங்க” என்றாள். அந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

மெக்கானிக்கை வைத்து உடைந்ததை எடுத்துப் புதுப் போல்ட் போட்டாள். உடைந்த துண்டை மாதிரிக்குக் கொண்டுபோய், அதே திருகுமரை வைத்து, தலையில்லாமல், இன்னும் நீளமாக ஒன்று லேத் பட்டறையில் கடைந்து வாங்கினாள். அடுத்த ஞாயிறு பரீட்சை. சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்தத் துண்டை மேல் ஓட்டையில் கையால் திருகினாள், சக்கரத்தைத் தொங்கவிட்டாள், மற்ற போல்ட்டுகளைப் போட்டாள், கடைசியில் அதை எடுத்துவிட்டு அங்கேயும் போல்ட்டைப் போட்டு இறுக்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

மாமா அந்தத் துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். “இது ஸ்டட்டா, போல்ட்டா?”

“மாட்டறப்ப ஸ்டட்டு, ஓட்டறப்ப போல்ட்டுங்ணா.”

அவர் ஸ்பேனரை வாங்கி எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை சோதித்தார், இந்த முறை சரியான பக்கமாக. பிறகு, “நானும் வாரேன். இளம்பிள்ளையில ஒரு சோலி இருக்குது” என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

சேலம் ரோட்டில் ஏறியதும் அவர் வலது கால் வழக்கம்போல வேலையைத் தொடங்கியது. என் சீட்டுக்குப் பின்னால் அது தரையை அழுத்துவது எனக்குக் கேட்டது. மகுடஞ்சாவடியில் அம்மா நிதானமாக ஒரு லாரியை முந்தி, இளம்பிள்ளை ரோட்டில் திரும்பினாள். பெருமை தாங்காமல், “மாமா, பாத்தீங்களா?” என்று திரும்பினேன். அவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை வேறு.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா ஓட்டுவதைப் பார்க்க வந்த மனிதர் தூங்கினால் என்ன அர்த்தம்? கையை நீட்டி அவர் முழங்காலில் கிள்ளினேன். அவர் சாய்ந்து படுத்துக்கொண்டார்.

“எழுப்பாத சாமி” என்றாள் அம்மா.

சாப்பாட்டு நேரத்துக்குள் தறிக்காரர்களைப் பிடிக்க வேண்டும் என்று காலையிலிருந்து பறந்தவள், இப்போது வேகத்தைக் குறைத்துவிட்டாள். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். இளம்பிள்ளை வந்ததும் ஒரு வேப்பமர நிழலில் காரை நிறுத்தினாள். இறங்கவில்லை, கதவைத் திறக்கக்கூட இல்லை. சோலி இருப்பதாகச் சொன்ன மாமா தூங்கிக்கொண்டே இருந்தார். பரீட்சை வைத்தவரே தூங்கிவிட்டார், இதில் அம்மா எதற்குச் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைக்கிறாள் என்று எனக்குப் புரியவேயில்லை.