கடைசிப் பக்கத்துப் பென்சில் எழுத்து

மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய சந்தில் ஒரு லெண்டிங் லைப்ரரி இருந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பவர்கள் கடைசிப் பக்கத்தின் வெற்றிடத்தில் பென்சிலால் தங்கள் தீர்ப்பை எழுதிவைப்பது அங்கே வழக்கம். 'அருமை.' 'தண்டம்.' 'பேய் வருவதற்குள் தூக்கம் வந்துவிட்டது.' பதினோரு வயதில் நானும் எழுதினேன். துப்பறியும் கதை என்றால், கொலைகாரன் யாரென்று முதலிலேயே கண்டுபிடித்துவிட்டதாக எழுதுவேன். கதையை முழுக்கப் படித்து முடித்த பிறகு.

அந்த வருடம் அப்பாவின் தங்கை எங்கள் வீட்டில் இருந்தாள். கணவரோடு ஏதோ மனஸ்தாபம். இரண்டு தெரு தள்ளியிருந்த அவர் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தவள் அப்புறம் எங்கள் வாசலைத் தாண்டவே இல்லை. பகலெல்லாம் எழுதிக்கொண்டிருந்தாள். அது மாத நாவலாக அச்சாகி, லைப்ரரிக்கும் ஒரு பிரதி வந்தது. கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்த ஒருத்தி, புருஷன் வந்து கூப்பிடுவானா என்று ஜன்னலில் நிற்கிறாள். அவள் நிற்கும்போதே கதை முடிந்துவிடும். கொலை இல்லை, பேய் இல்லை, சரித்திரக் கதையில் வருவதுபோல ஒரு குதிரைகூட இல்லை.

பள்ளி விட்டு வந்ததும் அத்தை என்னை அனுப்புவாள்.

"கடைசிப் பக்கத்துல யாராவது ஏதாவது எழுதியிருக்காளா, பாத்துண்டு வாடா."

எத்தனை பேர் அந்தப் புத்தகத்தை எடுத்தார்கள் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. லைப்ரரிக்காரருக்கோ நான் ஒரு வேடிக்கை.

"இன்னா நைனா, ஊரே புக்க முன்னாலேர்ந்து படிக்குது. நீ இன்னாடான்னா பின்பக்கத்தயே மொறச்சுக்கினு நிக்கிற?"

பக்கம் வெறுமையாகவே இருந்தது. "ஒண்ணும் இல்லை அத்தை" என்பேன். "நாளைக்குப் பாரு" என்பாள்.

அவள் முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அதைச் செய்தேன் என்று வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதில் பாதிதான். ஒரு வெற்றுப் பக்கம் சும்மா கிடக்கிறதே என்று எனக்குக் கை அரித்தது. என் கையெழுத்து லைப்ரரிக்காரருக்குத் தெரியும் என்பதால், எழுத்துகளை இடது பக்கம் சாய்த்து, பெரியவர்கள் எழுதுவதுபோல எழுதினேன்.

'இந்த அழுமூஞ்சியை எவன் திரும்பக் கூட்டிக்கொண்டு போவான்? அங்கேயே கிடக்கட்டும்.'

வீட்டுக்கு ஓடினேன். "அத்தை, எழுதியிருக்கா!"

படபடவென்று எழுந்தாள். "என்னடா எழுதியிருக்கு? சொல்லு, சொல்லு."

ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள், சொன்னேன்.

"எழுத்து எப்படி இருந்தது? நேராவா, சாஞ்சா?"

"சாஞ்சு. இடது பக்கமா."

அத்தை தரையில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் என்னை லைப்ரரிக்கு அனுப்பவில்லை. ஒரு வரிகூட எழுதவும் இல்லை. எங்கள் வீட்டிலேயே தலை நரைத்து, எங்கள் வீட்டிலேயே செத்துப்போனாள்.

காரியம் முடிந்த பிறகு அம்மா என்னிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். கல்யாணமான புதிதில் அத்தையும் அவள் கணவரும் அந்த லைப்ரரியில்தான் புத்தகம் எடுப்பார்களாம். நேரில் பேச வெட்கப்பட்டதை எல்லாம் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வார்களாம். "உன் அத்திம்பேருக்கு இடது கைப் பழக்கம். எழுத்தெல்லாம் அந்தப் பக்கமா சாஞ்சுண்டு இருக்கும்" என்று சிரித்தாள். அத்திம்பேர் அந்த நாவலைப் படித்தாரா, கையிலாவது எடுத்தாரா, எனக்குத் தெரியாது. கேட்பதற்கு அவரும் அப்போது இல்லை. அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. இப்போது சொல்வதற்கு அம்மாவும் இல்லை.

நான் அந்த வரியை ஒப்பித்த அன்று சாயங்காலம் அத்தை தன் பேனாவிலிருந்த மையை முற்றத்தில் கொட்டினாள். பேனாவைக் கழுவி, முந்தானையால் துடைத்து, என்னிடம் நீட்டினாள்.

"எனக்கு இனிமே எதுக்கு? நீ வெச்சுக்கோ."

பிற்காலத்தில் நான் எத்தனையோ பேருடைய நாவல்களைக் கிழித்துத் தோரணம் கட்டியது அந்தப் பேனாவால்தான். அன்றைக்கு அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு தெருவெல்லாம் காட்டித் திரிந்தேன். நான் எழுதியதற்கு முதன்முதலாகக் கிடைத்த பரிசு என்று நினைத்துக்கொண்டு.