பத்து அங்குலப் படி

நான் வரைந்த கட்டடங்களைப் பற்றி யாராவது கேட்டால் சலிக்காமல் பேசுவேன். ஒன்றைப் பற்றி மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன். அதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் இங்கிலாந்தில் கட்டடக்கலை படித்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பினேன். அப்பா துறைமுகத்தில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. நான் ஒரு கம்பெனியில் சேருவேன் என்று எதிர்பார்த்தார். நானோ சிராங்கூன் ரோட்டில் ஒரு மசாலாக் கடையின் மாடியில் அறை எடுத்து, பெயர்ப்பலகை மாட்டினேன். கீழே மிளகாய் அரைக்கும்போதெல்லாம் தும்மிக்கொண்டே வரைவேன். வந்த வேலைகள் எல்லாம் சின்னவை. ஒரு கடைவீட்டுக்குப் பின்கட்டில் சமையலறை, இன்னொருவருக்குக் கார் நிறுத்தக் கொட்டகை. ஆனாலும் தெருவில் இறங்கினால் கோப்பிக் கடையில் இரண்டு பேராவது எழுந்து நின்று "வாங்க சார்" என்பார்கள். அந்த வெயிலிலும் டை கட்டிக்கொண்டு நடப்பேன்.

முதல் பெரிய வேலை எங்கள் தமிழ் ஆட்களின் சங்கத்துக்குக் கட்டடம். கீழே கூடம், மேலே வாசகசாலையும் வகுப்பறையும். கட்டும் பொறுப்பை ஒரு மண்டோரிடம் கொடுத்தார்கள். கொத்தனாராகத் தொடங்கி, பத்து இருபது ஆட்களை வைத்து வேலை செய்யும் அளவுக்கு வந்தவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை 'ஐயா' என்றார்.

பாதி வேலையில் சங்கத் தலைவர் கூடத்தில் மின்விசிறி தாழ்வாகத் தொங்கும் என்றார். மாடியை மூன்று அங்குலம் உயர்த்தினேன். படத்தில் சுவரைத் திருத்தினேன், சன்னலைத் திருத்தினேன். மாடிப்படியைத் திருத்த மறந்துவிட்டேன். எல்லாப் படியும் ஏழு அங்குலம் இருக்க, அந்த மூன்று அங்குலமும் கடைசிப் படியின் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது.

அதை நான் கண்டுபிடிக்கவில்லை. மண்டோர்தான் கண்டுபிடித்தார். மூலப்படத்திலிருந்து எடுத்துக் கொடுத்த நீலப் பிரதியை மடித்து எடுத்துக்கொண்டு, மாடியேறி என் அறைக்கே வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு நின்றார்.

"ஐயா, மேல் படி மட்டும் பத்து அங்குலம் வருது. எல்லாப் படியிலயும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக் கட்டிடவா?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. காதெல்லாம் சூடாகிவிட்டது. திருத்தினால் படத்தை மறுபடி அனுமதிக்கு அனுப்ப வேண்டும். பொங்கலன்று திறப்புவிழா என்று நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. எல்லாவற்றையும்விட, பள்ளிக்கூடம் போகாத ஒருவர் என் தப்பைச் சொல்லிவிட்டார்.

"படத்துல உள்ளபடி கட்டு. யோசிக்கிறது என் வேலை" என்றேன்.

"சரிங்கய்யா" என்று போய்விட்டார்.

திறப்புவிழா நன்றாக நடந்தது. எனக்கு மாலை போட்டார்கள். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் மாடியேறிப் பார்த்தார்கள். சிலர் கடைசிப் படியில் தடுக்கி, சிரித்துக்கொண்டே சமாளித்தார்கள். நான் கீழேயே நின்றுகொண்டேன்.

மாடியில் மாலை வேளைகளில் பெண்பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்தவர் நாற்பது வயதுள்ள ஒரு ஆசிரியை, கணவரை இழந்தவர். மூன்றாவது மாதம், கை நிறையக் கட்டுரை நோட்டுகளோடு இறங்கியவர், மேல் படியில் கால் வைத்த இடத்தில் படி இல்லாமல், கீழ்வரை உருண்டார். இடுப்பெலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். காலில் எடைக்கல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த நிலையிலும் அவர் என்னைப் பார்த்து எழுந்துகொள்ள முயன்றார்.

"நீங்க வந்து... எவ்வளவு வேலை இருக்கும் உங்களுக்கு! நான்தான் பார்த்து இறங்கலை."

"உடம்பைப் பார்த்துக்குங்க" என்றேன். ஆரஞ்சை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

சங்கம் கூட்டம் போட்டது. மூலப்படத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். கஞ்சி ஏற்றி மெருகிட்ட துணியில் மையால் வரைந்த படம் அது. சவரப் பிளேடால் மெல்லச் சுரண்டினால் மை போய்விடும். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அன்று காலை அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, படிகளின் கோடுகளையும் எண்களையும் சுரண்டினேன். மூன்று அங்குலத்தை எல்லாப் படிகளுக்கும் பிரித்துக் கொடுத்து, புதிதாக எழுதினேன். ஒரு கோடுகூடப் பிசகவில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் அதிகமாகக் கூசுகிறது.

கூட்டத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். மண்டோர் கதவோரம் நின்றார். அவருடைய நீலப் பிரதி கையில் இருந்தது. அதில் பழைய எண் இருந்தது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

செயலாளர் தமிழில்தான் ஆரம்பித்தார். "சார், இந்தப் படி எப்படி இப்படி ஆச்சு? நீங்களே சொல்லுங்க லா."

நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். மேசையில் மூலப்படத்தை விரித்து, என் படம் சரியாக இருக்கிறது, கட்டியவர் அளவைத் தவறவிட்டுவிட்டார் என்றேன். சொல்லும்போது கதவுப் பக்கம் கை காட்டினேன். மண்டோர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஒருமுறை அல்ல, இரண்டு முறை.

கூட்டம் அத்தோடு முடிந்தது. படியைச் சரி செய்ய வேறு ஆளை வைத்தார்கள்.

அந்தத் தலையாட்டலை நான் பல வருடம் எனக்குச் சாதகமாக வைத்துக்கொண்டிருந்தேன். எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டார், பெரிய மனது என்று சொல்லிக்கொள்வேன். அப்படிச் சொல்லிக்கொண்டால் அவரைத் தேடிப் போகத் தேவையில்லை.

அறுபதுகளில் சொந்த அலுவலகத்தை மூடிவிட்டு, அடுக்குமாடி வீடுகள் கட்டும் வேலையில் சேர்ந்தேன். தோ பாயோ வட்டாரத்தில் கம்பம் எனப்படும் கிராமத்து வீடுகள் போய், எங்கு பார்த்தாலும் சிவப்பு மண்ணும் சாரமுமாக இருந்த காலம். ஒருநாள் கட்டுமானத் தளத்தில் சிமெண்ட் கலக்கும் ஆட்களைத் தாண்டி நடந்தபோது, மண்வெட்டியோடு நிமிர்ந்த முகம் அவருடையது. தலை முழுக்க நரைத்திருந்தது. இப்போது அவர் மண்டோர் இல்லை, கூலி ஆள்.

"ஐயா, நல்லா இருக்கீங்களா?" என்று அவர்தான் முதலில் கேட்டார்.

பக்கத்துக் கோப்பிக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. வேறு எதையாவது பேசிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்குக் கூட்டத்துல நீங்க எதுக்குத் தலையாட்டினீங்க?"

"எனக்கு இங்கிலீஷ் எங்கய்யா தெரியும்? நீங்க என்னையக் கை காட்டிப் பேசினீங்க. 'இந்த ஆளு மொதல்லயே வந்து சொன்னாரு, நான்தான் கேக்கலை'ன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். அதான் ஆமா ஆமான்னு ஆட்டினேன்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மறுநாள் செகரட்டரி சொன்னப்பத்தான் தெரிஞ்சது."

"உங்ககிட்ட இருந்த பிரதியைக் காட்டியிருக்கலாமே?"

"காட்டினேன்யா. ஒரிஜினல்ல சரியாத்தானே இருக்கு, நீ எதையோ பழசைக் கொண்டாந்து காட்டுறியான்னாரு. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நாமதான் தப்பாப் படிச்சிட்டமோன்னு."

அந்த விஷயம் சிராங்கூன் ரோடு முழுக்கப் பரவி, யாரும் அவரிடம் வேலை கொடுக்கவில்லையாம். ஆட்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்களாம். கோபமில்லாமல், வேறு யாருக்கோ நடந்ததுபோல் சொன்னார்.

"நீங்க தப்பாப் படிக்கலை. நான் பிளேடால சுரண்டினேன்" என்றேன்.

அவர் கோப்பியைக் குடித்து முடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார். "அப்படியா" என்றார். சங்கு ஊதியதும் வேலைக்கு எழுந்து போய்விட்டார்.

அந்த வாரமே சங்கத்துக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதினேன். தப்பு என்னுடையது, மண்டோர் முன்கூட்டியே எச்சரித்தார், படத்தை நான் மாற்றினேன் என்று மூன்றையும் எழுதினேன். அனுப்புவதற்கு முன் தளத்துக்கு எடுத்துப்போய் அவருக்குப் படித்துக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"மண்டோர்னு மட்டும் போட்டிருக்கீங்க. எம் பேரைப் போடுங்கய்யா. அப்பா பேரோட."

போட்டேன்.

சங்கத்தின் புதிய நிர்வாகிகள் என்னை அழைத்து, பழைய கதையை ஏன் கிளறுகிறீர்கள் என்று கேட்டார்கள். கடிதத்தைப் பொதுக்கூட்டத்தில் படிக்காவிட்டால் வேறு வழியில் சொல்வேன் என்றேன். படித்தார்கள். பிறகு தெருவில் யாரும் எனக்காக எழுந்து நிற்கவில்லை. அப்பா என்னோடு பல மாதம் சரியாகப் பேசவில்லை. மண்டோருக்கு அதனால் பெரிதாக எதுவும் திரும்பக் கிடைத்துவிடவில்லை. அவருக்கு வயதாகிவிட்டிருந்தது. ஆட்களைச் சேர்க்கும் தெம்பு இல்லை.

ஆசிரியை அதற்குள் மலேசியாவில், ஈப்போவில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். ஊன்றுகோலோடுதான் நடக்கிறார் என்று சொன்னார்கள். முகவரி விசாரித்து, கடிதத்தின் நகல் ஒன்றை அவருக்கும் அனுப்பினேன். பதில் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.